காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தவர்களுக்கு

பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் குட்டிக் கார், லாரி மாடல் கிட் கட்டுபவர்கள் அனுப்பிய கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால் இந்த இதழை அவர்களுக்கே விட்டுவிட்டேன். வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஒருவர் பெயிண்ட் பற்றிக் கேட்கிறார், இன்னொருவர் பசை பற்றி, மூன்றாமவர் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம் பற்றி. ஆனால் "காய்ந்திருக்கும் என்று நினைத்து" என்ற வார்த்தைகள் மட்டும் கடிதத்துக்குக் கடிதம் வருகின்றன. சிரிக்கவில்லை. நானும் அந்த ஜாதிதான், கீழே ஒப்புக்கொள்கிறேன்.

கே: முதல் கிட் வாங்கப் போகிறேன். 1:24 என்றும் 1:25 என்றும் போட்டிருக்கிறார்களே, எதை எடுப்பது?

ப: நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 1:24-ல் 187.5 மில்லிமீட்டர் வரும், 1:25-ல் 180. ஏழரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஒரே காரை இரண்டு அளவிலும் கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் தெரியும், இல்லாவிட்டால் நீங்களே சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும். 1:24 அடிக்கணக்கில் வந்தது, நிஜத்தில் ஒரு அடி என்றால் மாடலில் அரை அங்குலம். 1:25 அமெரிக்க வழி. அங்கே கார் விற்பனைக்கூடங்களில் விளம்பரத்துக்காகக் கொடுத்த குட்டிக் கார்கள் அந்த அளவில் இருந்தன, அவற்றைச் செய்துகொண்டிருந்த ஏஎம்டி நிறுவனம் 1958-ல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும் கிட்களை அதே அளவில் விட, அது அங்கே வழக்கமாகிவிட்டது. ஜப்பானிய, ஐரோப்பிய கிட்கள் பெரும்பாலும் 1:24. ஆகவே உங்களுக்கு எந்தக் கார் பிடிக்கிறதோ அதுவே அளவையும் முடிவு செய்துவிடும்.

முதல் கிட்டுக்கு என் யோசனை: இன்ஜின் இல்லாத கிட்டாகப் பாருங்கள், பானட் திறக்காத கார். நீங்கள் அடிக்கப்போகும் நிறத்திலேயே பிளாஸ்டிக் இருந்தால் இன்னும் நல்லது. ஜப்பானிய கிட் கம்பெனியான டமியாவின் புதிய அச்சுகளில் பாகங்கள் தானாகவே போய் உட்கார்ந்துகொள்ளும், பழைய அச்சுகளில் நாம்தான் உட்கார வைக்க வேண்டும். லாரியில் தொடங்க ஆசை என்றால் முதலில் அலமாரியை அளந்துவிடுங்கள். டிரெய்லரோடு 16.5 மீட்டர் நீளமுள்ள ஐரோப்பிய லாரி 1:24-ல் 69 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்து நிற்கும். கட்டி முடித்த பிறகு வைக்க இடம் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

கே: ஸ்ப்ரே கேனில் அடித்தேன் சார். பளபளப்பு வரும் என்று பார்த்தால் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறது. மேலே இன்னொரு கோட் அடித்தால் சரியாகிவிடுமா?

ப: ஆகாது. மேட்டின் மேல் மேடுதான் வரும்.

கேனிலிருந்து வரும் துளிகள் பரப்பில் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் ஈரமாக இருந்து ஒன்றோடொன்று கலந்து படிய வேண்டும். தூரத்திலிருந்து அடித்தால் துளி வழியிலேயே பாதி காய்ந்துவிடுகிறது, விழுந்த இடத்தில் விழுந்தபடியே நிற்கிறது. அதுதான் அந்தத் தோல். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான தூரம், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டர், சரியாக இருக்கும். கையை நிறுத்தாமல் பாடியின் ஒரு பக்கத்துக்கு வெளியே தொடங்கி மறுபக்கத்துக்கு வெளியே முடியுங்கள். பாடியின் மேலேயே பட்டனை அழுத்தவோ விடவோ செய்தால் அந்த இடத்தில் பெரிய துளி துப்பும். முதல் இரண்டு கோட் வெறும் புகை படிந்த மாதிரி, கீழே இருப்பது தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஈரமான கோட். ஈரமான கோட் என்பது தைரியம் கேட்கிற விஷயம், இன்னும் ஒரு வீச்சு அடித்தால் வழிந்துவிடும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும், அந்த இடம் எது என்று இரண்டு முறை வழியவிட்ட பிறகுதான் கைக்குத் தெரியும். பழைய பிளாஸ்டிக் கரண்டியில் வழியவிட்டுப் பழகுங்கள், பாடியில் வேண்டாம்.

இன்னொன்று, அடிப்பதற்கு முன் கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் நிற்க வையுங்கள். கையை விட்டால் சுகமாக இருக்கும் சூடு போதும், கொதிநீர் கூடவே கூடாது, கேன் வெடிக்கும். சூடேறினால் உள்ளே அழுத்தம் கூடி, பெயிண்ட் இளகி, துளிகள் பொடியாக வரும்.

இப்போது கையில் இருப்பதைக் காப்பாற்ற வழி இருக்கிறது. ஒரு வாரம் விடுங்கள். பிறகு 2000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டு சோப்பும் விட்டு, மேடுகள் சமமாகும் வரை மெதுவாகத் தேயுங்கள், அப்புறம் 3000, அதற்கு மேல் பாலிஷ் காம்பவுண்ட். மட்கார்டு விளிம்பு, பானட்டின் மடிப்பு, கூரையின் ஓரம், இங்கெல்லாம் பெயிண்ட் மிக மெல்லியதாக இருக்கும், இரண்டு தேய்ப்பில் பிளாஸ்டிக் எட்டிப் பார்க்கும். அந்த ஓரங்களில் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு மற்ற இடத்தைத் தேயுங்கள், கடைசியில் டேப்பை எடுத்து ஓரத்தில் காம்பவுண்ட் மட்டும் போடுங்கள்.

கே: பெயிண்ட் அருமையாக வந்தது. மறுநாள் காலையில் பாடியைத் தூக்கினேன். கதவில் என் கட்டைவிரல் ரேகை.

ப: ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை. என்னிடமும் ஒரு கார் இருக்கிறது, கூரையில் என் ஆள்காட்டி விரல் பதிந்தபடி. அதைக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன், அங்கிருந்து கூரை தெரியாது.

தொட்டுப் பார்க்காதீர்கள், மோந்து பாருங்கள். மூக்கருகே கொண்டுபோனால் பெயிண்ட் வாசனை லேசாக வந்தாலும் உள்ளே கரைப்பான் இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல்தோல் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும். சீக்கிரம் காயும் லாக்கர் வகைப் பெயிண்ட் என்றால் ஒன்றிரண்டு நாளில் வாசனை போய்விடும், மெல்லக் காயும் எனாமல் வகை என்றால் ஒரு வாரம், குளிர் ஈரக் காலத்தில் அதற்கும் மேல். ரேகையை மேலே சொன்ன மாதிரியே தேய்த்து எடுத்துவிடலாம், ஆனால் வாசனை போன பிறகு.

அடிக்கும்போதே பாடியின் உள்பக்கம் ஒரு பிடி ஒட்டிக்கொள்ளுங்கள், காலி பாட்டில், வளைத்த கம்பி, எதுவானாலும் சரி. பிடி இருந்தால் பாடியைத் தொட வேண்டிய அவசியமே வராது.

கே: எனாமல் பெயிண்ட் அடித்து இரண்டு நாள் விட்டு, மேலே லாக்கர் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்தேன். கண் முன்னாலேயே தோல் சுருங்கிக் கிழவன் முகம் மாதிரி ஆகிவிட்டது. கம்பெனி மோசமா?

ப: கம்பெனி மேல் தப்பில்லை. லாக்கர் கரைப்பான் ஆவியானவுடன் காய்ந்துவிடும், எனாமல் அப்படியில்லை. கரைப்பான் போன பிறகும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகும், அதற்கு நாட்கள் ஆகும். பாதி இறுகிய நிலையில் லாக்கரின் காரமான கரைப்பான் மேலே விழுந்தால் உள்ளே புகுந்து உப்ப வைத்துவிடும். காரமானது கீழே, சாதுவானது மேலே, இந்த வரிசையை மாற்றாதீர்கள். லாக்கர் மேல் எனாமல் போடலாம், எனாமல் மேல் லாக்கர் வேண்டாம்.

உங்கள் பாடியை உரித்துவிட்டு மறுபடி தொடங்குவதுதான் வழி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், மூடியுள்ள டப்பாவில் ஊற்றி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள், கிளியரும், அடிப்பூச்சான ப்ரைமரும் கழன்று வரும். இறுகிப்போன எனாமல் ஆல்கஹாலுக்கு அசையாவிட்டால் பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பெயிண்ட் ரிமூவர் பாருங்கள். கண்ணாடிப் பாகங்களை, அவையும் தெளிந்த பிளாஸ்டிக்தான், இவற்றில் போட்டுவிடாதீர்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

கே: சிவப்பு பிளாஸ்டிக் பாடிக்கு வெள்ளை அடித்தேன், அடுத்த வாரம் அது ரோஸ் நிறமாகிவிட்டது. மூன்று கோட் ஏற்றிப் பார்த்தேன். இப்போது கெட்டியான ரோஸ்.

ப: முப்பது கோட் ஏற்றினாலும் ரோஸ்தான். பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் சாயம் லாக்கரின் கரைப்பானில் கரைந்து மேலே ஏறி வருகிறது, ஒவ்வொரு கோட்டும் அதற்கு இன்னொரு ஏணி. சிவப்பும் மெரூனும்தான் இதில் முதல் குற்றவாளிகள். உரித்துவிட்டு முதலில் வெள்ளி நிறத்தில் ஒரு மெல்லிய கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள், அந்த உலோகப் பொடி சாயத்தைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்கு மேல் ப்ரைமர், பிறகு வெள்ளை. இதையெல்லாம் பாகங்கள் கோத்து வரும் சட்டத்தில் அடித்து ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டுப் பாடிக்குப் போங்கள், சட்டமும் அதே பிளாஸ்டிக்தானே.

கே: முன் கண்ணாடியை சூப்பர் க்ளூ வைத்து ஒட்டினேன். மறுநாள் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி, ஓரத்தில் என் விரல் ரேகை வேறு தெளிவாகத் தெரிகிறது.

ப: குற்றம் நடந்த இடத்தில் ரேகை எடுக்கும் தடயவியல்காரர்கள் செய்வதை நீங்கள் வீட்டில் செய்திருக்கிறீர்கள். நிஜமாகவே அதே வேலைதான்: சூப்பர் க்ளூவின் ஆவி, ஈரமும் விரல் எண்ணெயும் இருக்கும் இடத்தில் போய்ப் படிந்து வெள்ளையாக இறுகும். மூடிய கார் பாடிக்குள் ஆவி போக வழியில்லாததால் கண்ணாடியில் படிகிறது. கண்ணாடி கழன்று வந்தால் நுண்ணிய பாலிஷ் காம்பவுண்டால் உட்பக்கத்தைத் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும்.

அடுத்த முறை மரம், காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் நிறமில்லாமல் போகும், வழிந்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பிளாஸ்டிக் சிமென்ட்டும் கண்ணாடிக்கு ஆகாது. அது ஒட்டுவதில்லை, பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்குகிறது, கண்ணாடிப் பாகத்தில் ஒரு சொட்டு பட்டால் அந்தத் தழும்பு நிரந்தரம்.

கே: இரண்டு பாதிகளாக வந்த டீசல் டேங்கை ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, கோடு தெரியாமல் செய்து பெயிண்டும் அடித்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அந்தக் கோடு மறுபடி வந்து நிற்கிறது. பேயா?

ப: பேய்தான், ஆங்கிலத்திலும் அதைப் பேய்க்கோடு என்றுதான் சொல்கிறார்கள். சிமென்ட் கரைத்த இடம் உப்பி மென்மையாக இருக்கும்போதே தேய்த்து மட்டம் செய்துவிட்டீர்கள், பிறகு அது கரைப்பான் போய்ச் சுருங்கிவிட்டது. ஒட்டிய பிறகு குறைந்தது இரண்டு நாள், நான் என்றால் ஒரு வாரம். பட்டியும் அப்படியே, ஒரே அப்பாக அப்பினால் உள்ளே காயாது, மெல்லியதாக இரண்டு மூன்று தடவை போடுங்கள். காத்திருக்க முடியாதவர்கள் இணைப்பில் சூப்பர் க்ளூவையே பட்டியாகப் போடலாம், அது சுருங்காது. ஆனால் அதை மட்டும் அன்றே தேய்த்துவிட வேண்டும், நாள் போனால் கல்லாகிவிடும். பார்த்தீர்களா, காத்திருக்கக் கூடாத ஒன்றும் இருக்கிறது.

கே: பல வருடமாகப் பரணில் இருந்த பழைய கிட்டைத் திறந்தேன். டயர்கள் பாடியோடு ஒட்டி, பானட்டில் டயர் வடிவத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. வெயிலில் உருகியதா?

ப: வெயில் துரிதப்படுத்தியிருக்கலாம், ஆனால் வேலை பார்த்தது டயர்தான். பழைய கிட்களில் டயர் மென்மையான வினைல். அதை மென்மையாக வைத்திருக்கச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் நாளாவட்டத்தில் வெளியே கசியும், அது கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டிரீனை இளக்கிவிடும். பெட்டியில் மட்டுமில்லை, கட்டி முடித்த காரிலும் சக்கரத்தின் ரிம்மை உள்ளிருந்தே தின்னும். கிட் வாங்கிய அன்றே டயர்களைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். கட்டும்போது ரிம்மைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாளை ஒரு சுற்று சுற்றிவிட்டு டயரை மாட்டுங்கள், வெளியே தெரியாது.

டயர் என்றதும் இன்னொன்று. பெட்டியிலிருந்து எடுத்தபடி மாட்டினால் பளபளவென்று பொம்மை வண்டி மாதிரி இருக்கும், நடுவில் அச்சுக்கோடு வேறு. 400 நம்பர் உப்புத்தாளில் டயரை உருட்டித் தேயுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் அதுவே பாதி மாடலை நிஜமாக்கிவிடும்.

கே: குரோம் பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டினால் வெட்டிய இடம் வெள்ளையாகத் தெரிகிறது, அச்சுக்கோடும் தெரிகிறது. சில்வர் பெயிண்ட் தொட்டு வைத்தால் திட்டாக இருக்கிறது.

ப: கிட்டின் குரோம், பெயரில்தான் குரோம். பிளாஸ்டிக்குக்கு ஒரு வார்னிஷ் அடித்து, வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். கண்ணாடிபோல மின்னும், ஆனால் மெல்லியது. வெட்டின தழும்பைத் தேய்த்தால் சுற்றியிருப்பதும் போய்விடும். சின்னத் தழும்பு, அதுவும் பின்பக்கம் என்றால் குரோம் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். லாரியின் பம்பர், கிரில், புகைக்குழாய் மாதிரி முகத்துக்கு நேராக நிற்கும் பாகங்களுக்கு முழுதாக உரித்து மறுபடி செய்வதுதான் சரி.

துணி வெளுக்கும் பிளீச்சில் போட்டால் அலுமினியம் சில நிமிடங்களிலோ ஒரு மணி நேரத்திலோ கரைந்துவிடும். அடியில் இருக்கும் வார்னிஷ் போகாது, அதற்கு ஆல்கஹால் வேண்டும். இங்கேதான் கவனம்: பிளீச்சிலிருந்து எடுத்துப் பலமுறை கழுவிக் காயவிட்ட பிறகே ஆல்கஹால் பக்கம் போக வேண்டும். இரண்டும் கலந்தால் விஷப் பொருள்கள் உண்டாகும், பிளீச்சோடு வேறு எதையும் கலக்காதீர்கள். அப்புறம் கோடுகளைத் தேய்த்து, பளபளக்கும் கறுப்பு அடித்து, அது முழுக்கக் காய்ந்து கண்ணாடி போல ஆன பிறகு குரோம் பெயிண்டை மிக மெல்லியதாக. அடியில் இருக்கும் கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் குரோமும். இதில் அவசரப்பட்டவருக்குக் கிடைப்பது சாம்பல் நிறம்.

ஜன்னல் ஓரத்துப் பட்டைகளுக்கு வேறு வழி. ஒட்டும் பசையோடு வரும் மெல்லிய அலுமினியத் தாளை மேலே போட்டுப் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்து, புத்தம் புதிய பிளேடால் ஓரம் வெட்டி, மிச்சத்தை உரித்துவிட வேண்டும். பழைய பிளேடு தாளைக் கிழிக்கும், கோபத்தில் அழுத்தினால் பெயிண்டையும் கிழிக்கும். ஒரு காருக்கு ஒரு பிளேடு என்று கஞ்சத்தனம் பார்க்காமல் மாற்றுங்கள். கடைசியாக கிரில் இடுக்குகளில் தண்ணியாகக் கலக்கிய கறுப்பை ஓடவிட்டால்தான் அது கிரில், அதுவரை அது மின்னும் சீப்பு.

கே: இன்ஜினுக்கு வயரிங் போட ஆசை. எவ்வளவு தடிமன் கம்பி? என் அடுத்த திட்டம் பீட்டர்பில்ட் லாரி, அதற்கு எத்தனை ஸ்பார்க் பிளக் வயர் வரும்?

ப: லாரிக்குப் பூஜ்யம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் ஏது? நல்லவேளை, துளை போடுவதற்கு முன் கேட்டீர்கள்.

முதலில் காரைப் பார்ப்போம். நிஜ ஸ்பார்க் பிளக் வயர் 7 அல்லது 8 மில்லிமீட்டர். 25-ஆல் வகுத்தால் 0.28, 0.32. ஆக 0.3 மில்லிமீட்டர் கம்பி. இதே கணக்கை எல்லாவற்றுக்கும் போடுங்கள். நிறையப் பேர் கைக்குக் கிடைத்த வயரைச் செருகி, இன்ஜின் மேல் பாம்புக்கூட்டம் படுத்த மாதிரி செய்துவிடுகிறார்கள். 19 மில்லிமீட்டர் ஹீட்டர் குழாய் 0.76 வரும், பேட்டரி கேபிள் இரண்டுக்கும் நடுவில். கெட்டுப்போன இயர்போன், சார்ஜர் இவற்றின் உள்ளே இருக்கும் மெல்லிய கம்பிகளை உருவி வைத்துக்கொள்ளுங்கள்.

வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜின் என்றால் பிளக்குக்கு 8, காயிலிலிருந்து 1, மொத்தம் 9 வயர். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கையால் சுழற்றும் சின்ன டிரில்லால் 0.35 துளைகள் போட வேண்டும், ஒன்பதும் ஒரு பயறளவு இடத்தில். ஷெவர்லே ஸ்மால் பிளாக் என்றால் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால் இருக்கும், முன்பக்கத்திலிருந்து எண்ணும்போது ஒற்றைப்படை சிலிண்டர்கள் இடது பக்கம், அமெரிக்கக் காரில் ஓட்டுநர் உட்காரும் பக்கம், இரட்டைப்படை மறுபக்கம். இந்த வரிசைப்படி போட்டால்தான் சரி என்று சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், வயர்கள் நிஜத்தில் போகும் பாதையில் போய், தொங்கும் இடத்தில் தொங்கினால் போதும், வரிசையை யாரும் பூதக்கண்ணாடி வைத்துச் சரிபார்க்கப் போவதில்லை. சரிபார்ப்பவர் வந்தால் அவரோடு நட்பாகிவிடுங்கள்.

லாரி டீசலில் கவனிக்க வேண்டியவை வேறு: காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் தடித்த குழாய், ரேடியேட்டர் குழாய்களும் அவற்றின் கிளாம்புகளும், இன்ஜெக்டர்களுக்குப் போகும் எரிபொருள் குழாய்கள், பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரெஸரிலிருந்து சேஸிஸ் ஓரமாக டேங்குகளுக்கு ஓடும் காற்றுக்குழாய். கேபினுக்குப் பின்னால் டிரெய்லருக்குப் போகும் சுருள் குழாய்களில் நிறம் முக்கியம். அமெரிக்க லாரிகளில் சிவப்பும் நீலமும், ஐரோப்பிய லாரிகளில் சிவப்பும் மஞ்சளும். ஸ்கேனியாவுக்குப் பின்னால் நீலக் குழாயைப் பார்த்தால் எனக்கு அன்று தூக்கம் வராது. சுருளுக்கு மெல்லிய கம்பியை ஊசியிலோ டிரில் பிட்டிலோ நெருக்கமாகச் சுற்றி உருவினால் முடிந்தது.

கே: பத்து டயர் லாரி கட்டினேன் அண்ணா. மேஜையில் வைத்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கிறது. தட்டினால் ஆடுகிறது.

ப: வாங்க, நம்ம ஆளு. என் முதல் லாரியும் ஆடியது, அதன் அடியில் மடித்த காகிதம் இன்னும் இருக்கிறது.

கார் மாடலில் பாடிதான் முகம், லாரியில் சேஸிஸ்தான் உயிர். நீளமான இரண்டு தண்டுகள், நடுவில் குறுக்குச் சட்டங்கள், ஏணி மாதிரி. கிட்டில் இந்தத் தண்டுகள் பெட்டியிலேயே கொஞ்சம் வளைந்து வரும், நாம் ஒரு பக்கம் ஒட்டிவிட்டு மறுபக்கம் ஒட்டும்போது அரை டிகிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முனையில் அரை டிகிரி, சக்கரத்தில் போய் ஒரு மில்லிமீட்டர். அதனால் ஏணியை எப்போதும் தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்துத்தான் ஒட்ட வேண்டும். மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மேலே கனமான எதையாவது ஏற்றி, ஒரு முழு நாள் தொடக்கூடாது. நான் செய்த தப்பு இதுதான்: ஏணியை ஒட்டி அரை மணி நேரத்தில் ஸ்ப்ரிங் பட்டைகளையும் ஆக்ஸிலையும் மாட்டத் தொடங்கினேன். இணைப்புகள் பச்சையாக இருந்தன, நான் அழுத்த அழுத்த அவை விட்டுக்கொடுத்தன, விட்டுக்கொடுத்த நிலையிலேயே இறுகிவிட்டன.

ஆக்ஸில்களை ஒட்டும்போதும் சக்கரங்களைத் தற்காலிகமாக மாட்டி, வண்டியை அதே கண்ணாடி மேல் நிறுத்தி, பத்தும் தரையைத் தொடுகின்றனவா என்று காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். காகிதம் நுழைந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. சிமென்ட் காயும் வரை வண்டி தன் சக்கரங்களிலேயே நிற்கட்டும்.

முடிந்துபோன லாரிக்கு என்ன செய்வது? சேஸிஸைப் பெயிண்ட் அடிக்காத நிலையில் தனியாக எடுக்க முடிந்தால் சுடுநீர் வைத்தியம் உண்டு. பாலிஸ்டிரீன் 100 டிகிரிக்கு அருகில் முழுக்க இளகிவிடும், எனவே கொதிநீர் வேண்டாம். கை பொறுக்காத அளவு சுடும் நீரில் சில வினாடிகள் முக்கி, மெல்ல எதிர்ப்பக்கம் முறுக்கிப் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் விடுங்கள். ஒரே தடவையில் வராது, மூன்று நான்கு தடவை ஆகும். எடுக்க முடியாவிட்டால் அந்தரத்தில் நிற்கும் சக்கரத்தின் ஆக்ஸிலுக்கும் ஸ்ப்ரிங்குக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் சில் வைத்து இறக்கிவிடலாம். அதுவும் முடியாவிட்டால், மடித்த காகிதம்.

கே: லாரியை அழுக்காக்குவது எப்படி? பழுப்புப் பெயிண்டைத் தெளித்தேன், சேற்றில் விழுந்து எழுந்த மாதிரி ஆகிவிட்டது.

ப: அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சேராது, அதுதான் சூட்சுமம். தெருவில் ஓடும் ஒரு லாரியைப் பத்து நிமிடம் நின்று பாருங்கள். புழுதி சக்கரத்திலிருந்து கிளம்புகிறது, அதனால் கீழே அதிகம், மேலே போகப் போகக் குறைவு. மட்கார்டுக்குப் பின்னால் ஒரு விசிறி மாதிரி. முன் கண்ணாடியில் வைப்பர் துடைத்த இரண்டு வளைவுகள் மட்டும் சுத்தம், அந்த வளைவை டேப்பால் மூடிவிட்டுப் புழுதி அடித்தால் லாரி உடனே ஓட ஆரம்பித்துவிடும். ஓட்டுநர் கால் வைத்து ஏறும் படியில் பெயிண்ட் தேய்ந்து உலோகம் தெரியும், கைப்பிடியைச் சுற்றி வழவழவென்று இருக்கும். டிரெய்லர் வந்து உட்காரும் தட்டில் கறுத்த கிரீஸ், அது மட்டும் ஈரப் பளபளப்போடு. புகைக்குழாய் நுனியில் கரி. டிரெய்லரின் பக்கச்சுவரில் ஒவ்வொரு ஆணிக்கும் கீழே மழை இழுத்துவிட்ட கோடு.

லாக்கர் அல்லது அக்ரிலிக் பெயிண்ட், அதன் மேல் கிளியர், அது முழுக்கக் காய்ந்த பிறகு ஆயில் பெயிண்டைப் புள்ளி வைத்து, பெயிண்டை இளக்கும் தின்னரில் நனைத்துப் பிழிந்த பிரஷால் மேலிருந்து கீழே இழுத்துவிடுங்கள், கோடு வந்துவிடும். பிடிக்காவிட்டால் துடைத்துவிடலாம், அடியில் கிளியர் காப்பாற்றும். எங்கே நிறுத்துவது? போதும் என்று தோன்றுவதற்கு இரண்டு படி முன்னால். நான் இதை எழுதுகிறேனே தவிர ஒருமுறைகூட நிறுத்தியதில்லை.

கே: டிகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம், ஒட்டிய இடத்தைச் சுற்றி வெள்ளியாக மின்னுகிறது. இன்னொரு பழைய கிட்டின் டிகால் மஞ்சளாகிவிட்டது.

ப: மின்னுவது அடியில் மாட்டிக்கொண்ட காற்று. பளபளப்பில்லாத மேட் பெயிண்டின் சொரசொரப்பில் டிகால் படியவில்லை. பளபளப்பான கிளியர் அடித்துவிட்டு அதன் மேல் ஒட்டி, மேட் வேண்டுமானால் கடைசியில் அடியுங்கள். இப்போதைக்கு ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி டிகாலை மென்மையாக்கும் திரவத்தை விடுங்கள், சுருங்கி மிரட்டும், தொடாதீர்கள், தானாகப் படிந்துவிடும். மஞ்சளானதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் வரும் ஜன்னலில் சில வாரம் ஒட்டி வைத்தால் பெருமளவு வெளுத்துவிடும்.

கே: காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் இல்லாமல் நல்ல மாடல் கட்ட முடியாதா?

ப: முடியும். ஏர்பிரஷ் வாங்கினால் பெயிண்டோடு மாஸ்க்கும் வாங்குங்கள், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்தது. துணி மாஸ்க் இதற்கு உதவாது. ஸ்ப்ரே கேன்காரர்களுக்கும் இதேதான்.

கே: வாங்கி வாங்கி அடுக்குகிறேன், கட்டுவது வருடத்துக்கு ஒன்று. இது வியாதியா?

ப: எனக்குத் தெரிந்து மருந்து இல்லை. டயர்களை மட்டும் தனிப் பையில் போட்டு வையுங்கள்.

கே: சாமணத்தில் பிடித்திருந்த பக்கக் கண்ணாடி துள்ளிப் பறந்துவிட்டது. இரண்டு நாளாகத் தேடுகிறேன்.

ப: விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள், சின்னத் துரும்புக்கும் நீண்ட நிழல் விழும். அப்படியும் கிடைக்காவிட்டால் வாக்குவம் கிளீனர் வாயில் மெல்லிய காலுறையைக் கட்டி இழுங்கள், துணியில் வந்து நிற்கும். இனி வெட்டும்போதே பாகத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து வெட்டுங்கள். அப்புறம், தேட எழுந்திருப்பதற்கு முன் முதலில் மடியைப் பாருங்கள். என்னுடையது பெரும்பாலும் அங்கேதான் இருந்திருக்கிறது, நான் எழுந்த பிறகுதான் காணாமல் போயிருக்கிறது.